மடி கட்டிய ஆடும் பழுதுபார்த்த தொலைக்காட்சியும்

வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்றோர் விடுமுறையில் ஊர் திரும்புங்கால் உடன் கொணரும் பொருள்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர், பின்னர் வி.சி.ஆர்.; இரண்டாயிரத்துக்குப் பிறகு தட்டைத் திரைத் தொலைக்காட்சி. அட்டைப் பெட்டியைக் கயிற்றால் வரிந்து, பெயரையும் ஊரையும் பெரிய எழுத்தில் எழுதி, திருச்சியிலும் சென்னையிலும் வானூர்தி நிலையத்தில் இறக்கிய காட்சியை நம் கடற்கரை ஊர்களில் அறியாதார் இலர். பயணியர் குறிப்பிட்ட மதிப்பு வரம்புக்குள் இதனைச் சுங்கமின்றிக் கொணரலாம் என்றிருந்த சலுகையை நடுவணரசு 2013 ஆகஸ்டு 26 முதல் நீக்கி, ஏறத்தாழ 36 விழுக்காடு தீர்வை விதித்தது. அதற்கு முன் வந்து சேர்ந்த பெட்டிகள் பத்தாண்டுகளைக் கடந்துவிட்டன. அவற்றுட் பல இன்று பரணிலோ பழுதுபார்க்கும் கடையின் மூலையிலோ கிடக்கின்றன.

கடையில் கிடப்பது அங்கேயே மடிவதில்லை. உடைமையாளர் புதியது வாங்கிக்கொண்டு பழையதைச் சொற்ப விலைக்கு மெக்கானிக்கிடம் தள்ளிவிடுகிறார்; அவர் அதனைச் செப்பனிட்டு இன்னொருவருக்கு விற்கிறார். இவ்வாணிகத்தை இழிவாக எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. எறியப்படவேண்டிய ஒன்றுக்கு மேலும் நான்காண்டு வாழ்நாள் அளிப்பது நற்பணியே. வாங்குவோர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி, 2020-இல் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. அந்நாளில் பழைய பெட்டியொன்றைத் தேடி அலைந்த பெற்றோர் பொழுதுபோக்குக்காக அலைந்தவரல்லர்.

ஆயின் செப்பனிட்டு விற்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு வினாவை உடன் கொண்டே செல்கிறது. உள்ளே என்ன பழுது இருந்தது, அது நீங்கிற்றா, மறைந்ததா என்பதே அவ்வினா. நீங்குதல் வேறு, மறைதல் வேறு. இவ்வேறுபாட்டை அறியக் கருவியின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஒளிராத் திரை

தட்டைத் திரை என்னும் பெயர் சற்று மயக்கம் தருவது. முன்னர் 'பிளாட்' என்னும் பெயரோடு விற்கப்பட்ட பெட்டிகளுள் பல, முகம் மட்டுமே தட்டையாகி முதுகு நீண்ட படக்குழாய்ப் பெட்டிகளாகவே இருந்தன. ஈண்டுக் குறிப்பது சுவரில் மாட்டும் எல்.சி.டி., எல்.இ.டி. வகைகளை. பிளாஸ்மா என்றொரு வகையும் இருந்தது. அதன் உற்பத்தியைப் பெருநிறுவனங்கள் 2014 அளவில் நிறுத்திவிட்டமையால், ஒன்றைப் பிரித்து மற்றொன்றுக்கு உறுப்பு மாற்றுவதன்றி அதற்கு வேறு வழியில்லை.

எல்.சி.டி. திரை தானே ஒளிர்வதன்று. 1888-இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் ரைனிட்சர் கண்ட ஒரு விந்தையே அதன் வேர். கேரட்டிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடேற்றியபோது அது இருமுறை உருகுவது போலத் தோன்றியது. இடைப்பட்ட நிலையில் நீர்மம் போல் ஓடியும் படிகம் போல் ஒளியைக் கையாண்டும் நின்றது. அத்தகைய நீர்மப் படிகத்தை இரு கண்ணாடிகளுக்கு இடையே அடைத்து, மின்னழுத்தத்தால் திருகி, பின்னாலிருந்து வரும் ஒளியை விடுவதும் தடுப்பதுமே திரையின் வேலை. 32 அங்குலப் பெட்டிகளுட் பெரும்பாலானவற்றில் குறுக்கே 1366, நெடுக்கே 768 என்று படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாளரங்கள். ஆக, 31 இலட்சத்துக்கும் மேற்பட்ட சாளரங்கள் ஒரு கண்ணாடியில் திறந்து மூடுகின்றன. இக்கண்ணாடியையே மெக்கானிக்குகள் 'பேனல்' என்பர்.

சாளரத்துக்குப் பின்னே விளக்கு வேண்டும். அதுவே 'பேக்லைட்'. தொடக்கத்தில் பாதரச ஆவியடங்கிய மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன, பின்னர் எல்.இ.டி. விளக்குகள் வந்தன. எல்.இ.டி. தொலைக்காட்சி என்று நாம் வாங்கியதும் எல்.சி.டி. திரையே, பின்விளக்கு மட்டுமே மாறியது. இவ்வெண்ணிற விளக்கும் உண்மையில் நீல விளக்கே. நீல ஒளியின் மேல் மஞ்சட் பூச்சு அமைய, கண்ணுக்கு வெண்மையாகிறது. அந்நீல விளக்கைக் கண்டமைக்காகவே மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இவையன்றி, வீட்டு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் பவர் போர்டு, படத்தையும் ஒலியையும் பிரித்தாளும் மெயின் போர்டு, படச் செய்தியைத் திரைக்கு வரிவரியாகப் பங்கிட்டனுப்பும் டி-கான் போர்டு என்பன உள்ளே உள்ளன. சில பெட்டிகளில் இவை ஒன்றாகவே இணைந்திருக்கும்.

நீங்கும் பழுதுகள்

பழைய பெட்டியில் பெரிதும் காணப்படும் நோய், ஒலி கேட்கும், படம் தோன்றாது என்பது. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்து நோக்கினால், மங்கலாகப் படம் ஓடுவது தெரியும். தெரிந்தால் பேனல் நலமாயுள்ளது. பின்விளக்கே அணைந்தது என்பது பொருள். விளக்குகள் நீண்ட பட்டைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் உள்ளமையால் ஒன்று பழுதானால் வரிசை முழுதும் அணையும். மணிமாலையில் நூல் அறுந்தாற் போல என்று கூறலாம்.

இதனைச் செப்பனிடப் பேனலைக் கழற்றி எடுத்தல் வேண்டும். அரிய வேலை இதுவே. கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய நெகிழ் நாடாக்களுள் ஒன்று கிழியினும், கண்ணாடி சற்று வளையினும் பெட்டியின் கதை முடிந்தது. வேலை தெரிந்தவர் அணைந்த ஒரு விளக்கை மட்டும் மாற்றுவதில்லை. பட்டைகள் அனைத்தையும் மாற்றுவார். ஒன்றை மட்டும் மாற்றினால் அதே வயதுடைய அடுத்த விளக்கு சில கிழமைகளில் அணைந்து, ஆபத்தான அவ்வேலையை மறுபடியும் செய்யவேண்டி வரும். கைதேர்ந்தோர் இன்னொன்றும் செய்வர். விளக்குக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சற்றே குறைத்து வைப்பர். ஒளி சிறிது மங்கும். சூடு குறைந்து ஆயுள் நீளும். இஃது ஏமாற்றன்று, ஆயினும் வாங்குபவர் அறியவேண்டிய செய்தி.

மற்றொன்று, பெட்டி அறவே உயிர்பெறாமை. பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இராமல் உப்பியிருப்பின் காரணம் கண்ணுக்கே தெரியும். அவற்றை மாற்றும் செலவு மிகச் சிறிது. ஆனால் அங்கு உயிர்ப்பகை ஒன்று உண்டு. பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் நிற்கும். மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் சிறிது நேரம் அது தேங்கியிருக்கக்கூடும். வலைக்காட்சி பார்த்து வீட்டிலேயே மூடியைக் கழற்றும் மாணவர் இதனை முதலில் அறிதல் நன்று.

மெயின் போர்டு இறந்துபட்டு அந்நிறுவனப் போர்டு கிடைக்காவிடில், சந்தையில் கிடைக்கும் யுனிவர்சல் போர்டைப் பொருத்துவதுண்டு. பேனலுக்கேற்ற அமைப்பைத் தேர்ந்து பொருத்தினால் நன்றாகவே இயங்கும். அப்போது வெளியே ஒரு நிறுவனத்தின் பெயரும் உள்ளே வேறொன்றின் உயிருமாகப் பெட்டி அமைகிறது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைதான். பொருத்துவதில் குற்றமில்லை; முகப்பின் பெயரைக் காட்டி அப்பெயருக்குரிய விலையைக் கேட்பதிலேதான் குற்றம்.

மறையும் பழுதுகள்

திரையில் நெட்டுக்கோடுகள் தோன்றுவதும், பாதித்திரை மங்குவதும் வேறு வகை. 32 அங்குலத் திரையில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நெடுங்கம்பித் தடங்கள் உள்ளன. அவற்றுக்குச் செய்தி கொணரும் நெகிழ் நாடாக்கள் மின்கடத்தும் பசையால் கண்ணாடி விளிம்பில் ஒட்டப்பட்டவை. ஆண்டுக்கணக்கான சூட்டாலும் ஈரக்காற்றாலும் அவ்வொட்டு நெகிழும்; கோடு தோன்றும். அதற்கென உள்ள பாண்டிங் பொறியால் நாடாவை எடுத்துச் சீர்செய்து மீண்டும் ஒட்டுவதே முறை. அப்பொறி எல்லாக் கடைகளிலும் இல்லை. இல்லாத இடத்தில் நிகழ்வன: சூட்டுக்காற்றுக் கருவியால் அவ்விடத்தை வெதுப்புதல்; சட்டத்துக்கும் நாடாவுக்கும் இடையே ஒரு ரப்பர்த் துண்டைச் செருகி அழுத்தி வைத்தல்; பேனலுக்குச் செல்லும் துடிப்புக் கம்பிகளுள் பழுதான பக்கத்துக்குரியதை நாடா ஒட்டி மறைத்தல். மெயின் போர்டின் பெரிய சிப்பைச் சூட்டுக்காற்றால் வெதுப்பி உயிர்ப்பிப்பதும் இவ்வினத்தைச் சார்ந்தது. கோடு போய்விடும். படம் பளிச்சென்று தோன்றும். சில நாள் நிற்கும். சிலபோது சில திங்கள் நிற்கும். வாங்க வருபவர் கடையில் நிற்கும் கால்மணி நேரத்துக்கு அது போதும்.

எம் தெருவில் இடியாப்பம் அவித்து விற்கும் ஒரு மாமி, பேரப்பிள்ளைகளுக்காக இவ்வாறு ஒரு பெட்டி வாங்கினார். விலை நாலாயிரம் ரூபாய். பதினோராம் நாள் திரையின் நடுவே இரு கோடுகள் வந்தன, மறுநாள் ஐந்தாயின. தூக்கிச் சென்று கேட்டபோது கடைக்காரர், "கடையில ஓடுனதைப் பார்த்துத்தானே வாங்குனீங்க மாமி? பழைய சாமானுக்குக் கேரண்டி கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றாராம். சொன்னது உண்மையே. மாமியும் மறுக்கவில்லை.

அக்கடைக்காரரின் கூற்றில் இரு வழக்குகள் அடங்கியுள்ளன. நீ பார்த்து வாங்கினாய் என்பது ஒன்று. பொறுப்பேற்கேன் என முன்னரே மொழிந்தேன் என்பது மற்றொன்று. இரண்டும் பழமையானவை, சட்டமும் மார்க்கமும் இரண்டையும் ஆராய்ந்துள்ளன.

குதிரையும் ஆடும்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மோசடியை வரையறுக்கும் 17-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ஒருவன் நலமற்றதெனத் தான் அறிந்த குதிரையை ஏலத்தில் விற்கிறான். அதன் குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இது மோசடியன்று என்கிறது சட்டம். வாய் திறவாமை மட்டுமே குற்றமாகாது, பேசவேண்டிய கடமை உள்ள இடத்தைத் தவிர. ஆயின் அதே பிரிவு, அறிந்ததை முனைந்து மறைத்தலை மோசடி என்றே கூறுகிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் நெறியை அடிப்படையாகக் கொண்டு, விற்பவனது திறமையை நம்பி வாங்கும் இடம் முதலிய சிலவற்றை விலக்காக வைக்கிறது. எனவே சட்டத்தின் கண்ணிலும் ரப்பர்த் துண்டு செருகியவர் வெறுமனே வாய் மூடியிருந்தவர் அல்லர் என்பது எம் கருத்து. அவர் குதிரையின் நொண்டிக் காலுக்குக் கட்டுப் போட்டு நிற்க வைத்தவர்.

இனி ஆடு. பால் கறவாமல் மடியைக் கட்டிச் சில நாள் வைத்திருந்து, மடி பெருத்த நிலையில் ஆட்டையோ ஒட்டகத்தையோ சந்தைக்கு ஓட்டி வருவது அரபு நாட்டில் இருந்த வழக்கம். அவ்வாறு செய்யலாகாது எனத் தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அறியாது வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாவு பேரீச்சம் பழத்துடன் திருப்பித் தரலாம் என்று தீர்ப்பளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது. மூன்று நாள் தவணையும் முஸ்லிமில் காணப்படுகிறது. பேரீச்சம்பழம் கறந்த பாலுக்கு ஈடு. வாங்கியவனும் பாலைக் குடித்தானல்லவா? இருபுறமும் அநீதி நேராத தீர்ப்பு இது. மேலும், வாங்கியவன் மடியைக் கண்ணாரக் கண்டே வாங்கினான் என்பதைக் கருதுக. கண்டது அவன் உரிமையை அழிக்கவில்லை, காட்டப்பட்டதே பொய்யாதலின்.

ஷாபிஈ மத்ஹபினர் இத்தீர்ப்பை அவ்வாறே சட்டமாகக் கொண்டனர். ஹனஃபி மத்ஹபினர் இதனைத் திருப்பித் தருதற்குரிய காரணமாகக் கொள்ளவில்லை; அவர்தம் வாதம் வேறு. ஆயினும் ஏமாற்று விலக்கப்பட்டது என்பதில் இரு சாராரும் ஒன்றே. பொறுப்பேற்கேன் என மொழிந்து விற்பதைப் பற்றியும் இவ்வேறுபாடு உண்டு. ஹனஃபியர் அந்நிபந்தனையை ஏற்பர். ஷாபிஈயரோ, உயிருள்ள விலங்கில் விற்பவனே அறியாத உட்குறைக்கு மட்டும் அது பொருந்தும் என்பர். விலங்கின் வயிற்றுக்குள் இருப்பதை யார் அறிவார்? தொலைக்காட்சியின் வயிற்றுக்குள் இருப்பதை அதனைத் திறந்து மூடியவர் அறிவார்.

தானியக் குவியலின் வரலாறு பலரும் அறிந்ததே. சந்தையில் குவியலுக்குள் கையை விட்ட நபிகளாரின் விரல்கள் நனைந்தன. மழை பட்டது என்றார் வணிகர். மக்கள் காணுமாறு நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றார்கள். மழை வணிகரின் குற்றமன்று. பேனலின் கோடும் மெக்கானிக்கின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததைப் பற்றியதே கேள்வி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பொருளீட்டும் ஒழுக்கங்களைக் கூறுமிடத்துத் துணியை இருண்ட இடத்தில் வைத்துக் காட்டுவதும் ஏமாற்றே என்பார்கள். தொலைக்காட்சிக்கு இதனைத் திருப்பிப் படித்தல் வேண்டும். துணியின் குறையை இருள் மறைக்கும்; திரையின் குறையை வெளிச்சம் மறைக்கும். குழல்விளக்குகள் எரியும் கடையில், பாதி அணைந்த பின்விளக்கும், மூலையில் படர்ந்த மங்கலும் கண்ணுக்குத் தட்டுப்படா. வாங்குவோர் கடையின் விளக்கை அணைக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். முழுவெள்ளைப் படம் ஒன்றை இடச் செய்தால் நீலம் அல்லது ஊதா படர்ந்திருப்பது தெரியும். அது மஞ்சட் பூச்சுக் கெட்ட பழைய விளக்குகளின் அடையாளம். வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் விளக்கின் மேலிருந்த வில்லை விழுந்துள்ளது. பெட்டி சூடேறிய பின்னரே சில பழுதுகள் வெளிப்படுமாதலின் ஒரு மணி நேரமேனும் ஓடவிட்டு, பிறகு அணைத்து மீண்டும் போட்டுக் காண்டல் நன்று.

பழந்தமிழரும் இதற்கு அயலாரல்லர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலை, பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருதி, மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தமையைப் போற்றுகிறது. 'பழுது' என்னும் சொல்லுக்கும் குறை, கேடு என்பவற்றோடு பொய் என்னும் பொருளையும் அகராதிகள் தருகின்றன. கருவியின் கேட்டையும் நாவின் கேட்டையும் ஒரே சொல்லால் வழங்கியிருப்பது கருதத்தக்கது.

என்ன சொல்லி விற்பது?

எல்லாவற்றையும் சொன்னால் யார் வாங்குவர் என்று இத்தொழில் செய்யும் இளைஞர் கேட்பர். வினா நியாயமானதே; அவர்க்கும் கடை வாடகையும் குடும்பமும் உண்டு. ஆயின் எல்லாப் பழுதும் விலையைக் குறைப்பதில்லை. பின்விளக்குப் பட்டை அனைத்தும் புதிதாக மாற்றப்பட்டது என்பதைச் சொன்னால் விலை கூடவே செய்யும். யுனிவர்சல் போர்டு பொருத்தியதைச் சொன்னால் சிறிது குறையும். படம் நன்றாயிருப்பின் வாங்குவார் வாங்குவர். கோட்டை அழுத்தி மறைத்த பேனலைச் சொன்னால் மட்டுமே பேரம் முறியும். அத்தகைய பெட்டியை முழுதாக விற்பதைக் காட்டிலும், அதன் நல்ல போர்டுகளைக் கழற்றி உதிரியாக விற்பது நேர்மையான வருவாய். எஞ்சிய கண்ணாடியையும் பழைய பாதரசக் குழல்களையும் குப்பைமேட்டில் உடைத்தெறியாமல், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்தல் வேண்டும்.

சொல்வது வாய்ச்சொல்லாக நில்லாமல் சீட்டாக அமைதல் நன்று. துண்டுத்தாளில் நான்கு வரி போதும்: 'பவர் போர்டில் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றியது. பின்விளக்குப் பட்டை மூன்றும் புதியவை; ஒளி சற்றுக் குறைத்து வைக்கப்பட்டது. மெயின் போர்டு நிறுவனத்துடையதன்று. பேனலில் கை வைக்கவில்லை.' இதன்கீழ் நாளும் கையொப்பமும். முடிந்தால் ஒரு திங்கள் தவணையும். ஒழுங்கான மெக்கானிக்குகள் சிலரிடம் இதனையொத்த வழக்கம் முன்னரே உண்டு. மாற்றிய உறுப்பையும் மாற்றிய நாளையும் பின்மூடியின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பர். ஆண்டுகள் சென்றபின் வேறோர் ஊரில் அப்பெட்டியைத் திறப்பவர், அவ்வெழுத்தைப் படித்த பிறகே திருப்புளியை எடுப்பார்.